பெருங்காயம் வைச்ச ஓக் மரம்

மரம் வாய் திறக்காது. ஆனா மரத்தைக் காக்கிற உத்தியோகத்தில நாள் முழுக்கப் பேச்சு வாங்கவேணும். தென்லண்டன் கவுன்சில் ஒண்டில நான் ட்ரீ ஒபிசர். பாதுகாப்புப் போட்ட மரத்தைக் கேளாமல் வெட்டக்கூடாது, கொப்பு முறிக்கவும் கூடாது. அதைப் பார்க்கிறதுதான் என்ர வேலை. சனத்தோட மாரடிச்சுச் சம்பளம் எடுக்கிற ஆக்களே, கதிரவேல் அண்ணையின்ர கதை உங்களுக்கு நல்லா விளங்கும்.

வாசல் மரம்

அண்ணைக்கு ஸ்ட்ரெதமில பலசரக்குக் கடை. வீடு வாங்கினது கொமன் எண்டுற பொதுவெளி ஓரமா. வாசலுக்கு நேரே, அவற்ர காணிக்குள்ளேயே, ரெண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத, பாதுகாப்புப் போட்ட ஓக் மரம். குடிவந்ததில இருந்து முழங்கால் நோ, கடையில வியாபாரமும் படுத்திட்டுது. ஆரோ வந்து பார்த்து, வாசலுக்கு நேரே மரம் நிண்டா குடி விளங்காது எண்டு சொல்லிப்போட்டினம்.

மரத்தை வெட்டவேணும் எண்டு கவுன்சிலுக்குப் போன் எடுத்தார். நான் என்ர பேரைச் சொன்னதும் அவற்ர குரலே மாறிட்டுது. "ஏலாது அண்ணை" எண்டு சொல்ல நான் வாய் எடுக்க முந்தி, பக்கத்தில நிண்ட மனிசிக்கு அவர் சொன்னது எனக்கு வடிவாக் கேட்டுது:

"இஞ்சேரும், கவுன்சிலில எங்கட பிள்ளை ஒண்டு இருக்கு. மரம் விழுந்த மாதிரித்தான்!"

பற்றைக்காடு

ஏலாது எண்டதை நேரில சொல்லுவம் எண்டு போனன். மனிசி மங்கை அக்கா தேத்தண்ணி தந்தா, அண்ணை தட்டைவடைத் தட்டை நீட்டினார். பின்வளவில இருந்தம். வேலிக்கு அங்கால ஹீத் நிலம், முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூப் பற்றை. அதுவும் பாதுகாப்புக்குள்ளதான். அண்டைக்கெண்டு பார்த்து எங்கட கவுன்சில் ஆக்கள் அதுக்குள்ள முளைச்ச பேர்ச் மரக்கண்டுகளை வாளால அரிஞ்சுகொண்டு நிண்டினம்.

விட்டா பேர்ச் மூடி ஹீத்தே இல்லாமப் போயிடும் எண்டு விளங்கப்படுத்தினன். சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனா அந்த இடத்தில எனக்கே சிரிப்பு வந்திட்டுது. அண்ணை சிரிக்கேல்லை. வடைத்தட்டைத் தன்ர பக்கம் இழுத்துப்போட்டுக் கேட்டார்:

"பற்றையைக் காப்பாத்த மரம் வெட்டுவியள், என்ர குடும்பத்தைக் காப்பாத்த ஒரு மரம் வெட்ட விடமாட்டியளோ?"

மணம்

இலையுதிர் காலத்தில பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு சொன்னார். ஓக் மரத்தில ஆரோ ட்ரில் போட்டவையாம். என்னோட வேலை செய்யிற டேவிட்டையும் கூட்டிக்கொண்டு போனன். அடிமரத்தில நாலைஞ்சு ஓட்டை, உள்ளுக்கு மஞ்சளா ஏதோ அடைச்சிருந்தது. பூஞ்சணமோ, நஞ்சோ எண்டு டேவிட் தலையைச் சொறிஞ்சார். நான் மூக்கை ஓட்டைக்குள்ள வைச்சன். கடவுளே, பெருங்காயம்! ஓட்டை போட்டுக் காயம் வைச்சா மரம் பட்டுப்போகும் எண்டு எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை.

எனக்குக் கோபமும் வந்தது, வெக்கமும் வந்தது. அந்த ஒபிசிலேயே இந்த மணம் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். பேசாம விட்டிருக்கலாம், விடேல்லை, எழுதிக் குடுத்தன். அண்ணையும் ஒத்துக்கொண்டார். மரம் வசந்தத்தில துளிர்த்தா எச்சரிக்கை, துளிர்க்காட்டிக் கோர்ட் எண்டு மேலிடம் முடிவு சொல்லிச்சுது. அண்ணையின்ர முகம் செத்துப்போச்சு. டேவிட்டுக்கு வேற கவலை. ஓட்டையை இன்னொருக்கா மணந்துபோட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்:

"இதையோ நீங்கள் சாப்பாட்டில போடுறனீங்கள்?"

துளிர்

அந்தப் பனிக்காலம் முழுக்க, மரத்தைக் கொல்லப் பார்த்த மனிசன் மரத்துக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிச்சார். விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்த்தி வேற. ரோட்டில செரி பூத்துக் கொட்டிச்சுது, பேர்ச்சும் பச்சை பிடிச்சுது, ஓக் மட்டும் அசையேல்லை. ஓக் எப்பவும் பிந்தித்தான் துளிர்க்கும் எண்டு சொன்னா அவர் நம்பவேணுமே! "பிள்ளை, கோர்ட்டுப் படி ஏறினா நான் கோயிலில எப்பிடி முழிக்கிறது?" எண்டு போனில அழுதார். அவற்ர அழுகை எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது.

கடைசியா ஒரு காலமை, "ஓடி வா" எண்டார். போனன். கொப்பு முழுக்கச் சின்னச் சின்ன இலை. அண்ணை மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டார், கை பாதிதான் எட்டிச்சுது. "பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். மங்கை அக்கா வாசலில நிண்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா:

"பிள்ளையாரோ? அது இவற்ர கடைப் பெருங்காயமெல்லோ, முக்காவாசியும் கோதுமை மா. என்ர ரசத்துக்கே ஏறாத காயம், ஓக் மரத்தை என்ன செய்யப்போகுது?"

மரத்தைக் காக்க இந்த நாட்டில எத்தனையோ சட்டம் இருக்கு, ஆனா அந்த ஓக்கைக் காப்பாத்தினதென்னவோ எங்கட கடைக் கலப்படம்தான்.