மாஸ்டர் போட்டுக்கொண்ட ஐந்து ஊசிகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. ஓட்டுகிறவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் ஏடாகூடமாக எதையாவது செய்தால் மாஸ்டரின் வலது கால் அதை மிதித்துவிடும். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அமுக்குகிறவர்கள், ஸ்டியரிங்கை அந்தரத்தில் விட்டுவிட்டு அலறுகிறவர்கள் என்று எத்தனையோ பேரை அவர் கரையேற்றியிருக்கிறார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மாஸ்டர் பயந்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் அவர் வீட்டில் இருந்தார்கள். மனுஷனுக்கு ஊசி என்றால் ஆகவே ஆகாது. ஒரு தடவை கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பிடுங்க வேண்டி வந்தது. மரத்துப்போக ஒரு ஊசி போடுகிறேன் என்றார் பல் டாக்டர். "அதெல்லாம் வேண்டாம் டாக்டர், அப்படியே பிடுங்குங்க" என்றார் மாஸ்டர். டாக்டர் மூன்று தடவை கேட்டுவிட்டு அப்படியே பிடுங்கினார். அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டதாக மனைவி இன்றைக்கும் சொல்வாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடுகிற நாளெல்லாம் மனைவிதான் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். மாஸ்டர் எதிர்ப்பக்க நடைபாதையில் துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். குழந்தை அழுது முடித்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகும் அவர் முகத்தில் ரத்தம் ஏறாது.

இப்படிப்பட்டவரை ஒரு திங்கட்கிழமை காலை நாய் கடித்தது.

பயிற்சி மைதானத்தில் பின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் காரின் ஓரமாகப் போய்க் குனிந்தார். அடியில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது அவருக்குத் தெரியாது. அவர் வருவது நாய்க்கும் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள், நாய் கொஞ்சம் முந்திக்கொண்டது. கெண்டைக்காலில் நன்றாகப் பல் இறங்கிவிட்டது. கடித்த நாய் சுவர் ஓரமாக ஓடிப் போனதோடு சரி, அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. மாஸ்டர் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். அன்றைக்கு அவர் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பேண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் மனைவி பதறிவிட்டாள். "உடனே போய் ஊசி போட்டுட்டு வாங்க. இருங்க, நானும் வரேன்."

"நான் என்ன சின்னக் குழந்தையா? நானே போயிக்கறேன்" என்று வீறாப்பாகக் கிளம்பினார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன மருத்துவமனைக்குத்தான் போனார். வரிசையில் நின்றார். சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. நாய்க்கடிக்கு ஐந்து ஊசி, முதல் நாள், மூன்று நாள் கழித்து, ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு என்று அதில் எழுதியிருந்தது. அதை நான்கு தடவை படித்தார். வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. மாஸ்டருக்கு உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, பார்வை ஓரங்களில் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கி, கொஞ்சம் பஞ்சு வைத்துத் தன் புஜத்தில் தானே ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"மொத்தம் அஞ்சாம். ஒன்னு ஆச்சு. அடுத்தது வியாழக்கிழமை" என்றார் மனைவியிடம். பலகையைப் படித்தது இதற்குத்தான் உதவியது.

அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் தெரியும். நாய்க்கடி நோய் ஒரு தடவை தலைகாட்டிவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, உயிர் போய்விடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் செவ்வாய்க்கிழமையும் அந்த மருத்துவமனைக்குக் கிளம்பினார், புதன்கிழமையும் கிளம்பினார். செவ்வாயன்று வாசல்படி வரை போனார். புதனன்று அது கூட இல்லை. திரும்பி வரும்போது தன்னைத்தானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டார். சாவதற்கும் பயம், பிழைப்பதற்கும் பயம் என்றால் ஒரு மனுஷன் எங்கேதான் போவான்?

வியாழக்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்கு வந்தவர் நர்ஸம்மா. ஐம்பது வயது, பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறை அவருடைய ராஜ்ஜியம். வேலை முடிந்து வரும்போது பஸ் கிடைப்பதில்லை என்று மூன்று வாரமாகக் கார் கற்றுக்கொண்டிருந்தார். துணிச்சல்காரர், ஆனால் இண்டிகேட்டரை மட்டும் எப்போதும் மாற்றிப் போடுவார். அவருக்கு என்ன வேலை என்று முதல் நாளே தெரிந்ததிலிருந்து மாஸ்டர் கதவை ஒட்டித்தான் உட்காருவார். நர்ஸம்மாவின் கையில் வரும் ஸ்பிரிட் வாசனைக்காகவே ஜன்னலை இறக்கி வைப்பார்.

மைதானத்தை விட்டு வந்து பக்கத்துத் தெருவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் சந்திலிருந்து விருட்டென்று வெளியே வந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். மிதித்த வேகத்தில் பேண்ட் மேலே ஏறிக்கொண்டது. நர்ஸம்மாவின் பார்வை ஸ்கூட்டரை விட்டு அங்கே போனது.

"என்ன மாஸ்டர் இது, கால்ல?"

"ஒன்னுமில்ல சிஸ்டர். கம்பி கீறிடுச்சு."

"எந்த ஊர்ல கம்பிக்குப் பல்லு மொளைக்குது?"

மாஸ்டர் அசடு வழிந்தார்.

"என்னைக்குக் கடிச்சுது?"

"திங்கக்கிழமை."

"ஊசி போட்டாச்சா?"

மனைவியிடம் சொன்ன பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இருபத்தாறு வருடமாக ஊசி போடுகிறவரிடம் அது எடுபடாது என்று தெரிந்ததால் ரோட்டைப் பார்த்தார்.

நர்ஸம்மா காரைக் கிளப்பினார், வழக்கம்போல் இண்டிகேட்டரைத் தப்பாகப் போட்டார், பெரிய சாலைப் பக்கம் திருப்பினார். பெரிய சாலையில் அவர் அதுவரை ஓட்டியதே இல்லை. எங்கே போகிறார் என்று மாஸ்டருக்குப் புரிந்தது. பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்று அணைந்தது. நர்ஸம்மா மறுபடி கிளப்பினார். மாஸ்டர் மறுபடி மிதித்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஒரு வேன்காரர் தலையை நீட்டி, "கத்துக்கொடுக்கிற லட்சணமா இது?" என்று கேட்டார். அந்தப் பிரேக் காலடியில் இருக்கிற வரைக்கும் மாஸ்டரை யாரும் எங்கேயும் கொண்டுபோய்விட முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

நர்ஸம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நான் ஒருத்தரைப் பார்த்திருக்கேன். நாய் கடிச்சு ஊசி போடாம விட்டவர். தண்ணி தாகம் எடுக்கும், ஆனா குடிக்க முடியாது. அவர் சம்சாரம் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாங்க. அந்த அம்மா மொகம் இன்னும் எனக்கு மறக்கல. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். காலை எடுங்க."

மாஸ்டர் தன் மனைவியை அந்த டம்ளரோடு நினைத்துப் பார்த்தார். காலை எடுத்துச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நர்ஸம்மா ஓட்டியதுதான் ஓட்டம். லாரி, பஸ், நான்கு முனைச் சந்திப்பு, ஒன்றிலும் தடுமாறவில்லை. மாஸ்டர் மட்டும் வறண்ட குரலில் "செகண்ட் போடுங்க சிஸ்டர்... மெதுவா... ரொம்ப மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போய்ச் சேருவதைத் தள்ளிப்போட அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் கார் இரண்டு வண்டிக்கான இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது.

டாக்டர் காலைப் பார்த்தார். பல் ஆழமாக இறங்கியிருப்பதால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஊசியால் ஏற்றி, புஜத்தில் தடுப்பூசியும் போட வேண்டும் என்றார். மூன்று நாள் சும்மா இருந்ததற்குச் சரமாரியாகத் திட்டினார். இப்போதாவது வந்தாரே என்றும் சொன்னார்.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்கன்னு சொல்றாங்களே" என்றார் மாஸ்டர் ஈனஸ்வரத்தில்.

"அது அந்தக் காலம். இப்ப கையிலதான். படுங்க."

படுத்தார். நர்ஸம்மா கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அவர் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. "சிஸ்டர், சொல்லாமப் போட்டுடாதீங்க" என்றார். உடனே, "சொல்லிட்டும் போடாதீங்க" என்றார். பஞ்சால் துடைத்ததுதான் தாமதம், வலது கால் தன்னால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கால்மாட்டில் இருந்த ஸ்டூல் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

வேறு யாராவது இருந்தால் இரண்டு பேரைக் கூப்பிட்டு அமுக்கிப் பிடித்திருப்பார்கள். நர்ஸம்மா ஸ்டூலை நிமிர்த்தி, அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மரத்துப்போக வைக்காமப் பல்லைப் பிடுங்கிக்கிட்ட தைரியசாலின்னு டிரைவிங் ஸ்கூல்ல சொல்றாங்க. வலி உங்களுக்கு ஒரு பொருட்டா? அப்புறம் எதுக்குத்தான் பயம்?"

இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. கேலி செய்வார்கள், அதட்டுவார்கள், கேட்டதில்லை. மாஸ்டர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"எப்ப குத்தும்னு எனக்குத் தெரியாதுல்ல சிஸ்டர். எல்லாம் உங்க கையில இருக்கு. நான் சும்மா கிடக்கணும். அது என்னால முடியல."

"அவ்வளவுதானே? அப்ப உங்க கையிலயே வச்சுக்குங்க. நீங்க போடுன்னு சொன்னாப் போடறேன். நிறுத்துன்னு சொன்னா, பாதியில இருந்தாலும் நிறுத்திடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நர்ஸம்மா பஞ்சை எடுத்தார். "நிறுத்துங்க" என்றார் மாஸ்டர். நிறுத்தினார். ஊசியை எடுத்துக் கையருகே கொண்டுவந்தார். "நிறுத்துங்க!" மறுபடியும் நிறுத்தினார், முகம் சுளிக்காமல். வெளியே வரிசையில் முணுமுணுப்புக் கேட்டது. நர்ஸம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னால் நிற்கிறது என்பதை மாஸ்டரின் உடம்பு மெல்லப் புரிந்துகொண்டது. காதடைப்பு விலகியது. மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினார்.

"போடுங்க."

புஜத்தில் போட்டது எறும்புக்கடி மாதிரி முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவசரப்படாதீர்கள் என்று நர்ஸம்மா கால் காயத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தார். அது இவ்வளவுதானா என்று கேட்கும்படி இல்லை. நிஜமாகவே உயிர் போய் உயிர் வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா கேட்டார், ஒவ்வொரு தடவையும் மாஸ்டரே போடுங்க என்றார். முடிந்ததும் அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ரெண்டாவதுதானே? ஆச்சா?" என்றாள்.

பாருங்கள், அவருடைய பொய்க்கு எவ்வளவு வசதி. திங்களில் ஒன்று, வியாழனில் இரண்டு. தலையை ஆட்டியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. கணக்கு ஒன்று இடித்தாலும் பிறகு எப்படியாவது பூசி மெழுகிவிடலாம். மாஸ்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், தானே ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரி உள்பட.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"மூணு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேங்க. நீங்க பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்குத் தெரியல பாருங்க. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன், ஆனா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

மாஸ்டருக்கு இது எல்லா ஊசியை விடவும் ஆழமாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஊசிக்கு அவளும் வந்தாள். இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுசா உள்ள போச்சா சிஸ்டர்?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அடுத்த வியாழனும் வந்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி போட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். பார்க்கட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது என்று மாஸ்டர் விட்டுவிட்டார். இதற்கிடையில் அவர் ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்க்கவே பழகிவிட்டார். நர்ஸம்மாவுக்கும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது, இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சியில் இண்டிகேட்டர் காலை வாரிவிட்டது.

ஐந்தாவது ஊசிக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வியாழன் காலை மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கிளம்பலாமா?"

மனைவி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை கிடக்கு."

மாஸ்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார். வரிசையில் நின்றார், கையை நீட்டினார், தானே "போடுங்க" என்றார், முடித்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார். அந்தக் காலைவெயிலில் அவருக்கு யாரையாவது நிறுத்திப் பேச வேண்டும் போல இருந்தது.

கதவைத் திறந்த மனைவி அவர் புஜத்தைப் பார்க்கவில்லை. சீட்டைக் கேட்கவில்லை.

"பசிக்குதா? உட்காருங்க" என்றாள்.