சைரன் கேட்டால் திறக்கும் பாலம்

முப்பது வருடம், ஆற்றோர எல்லை ஊரான எல்ம்போர்ட்டின் தீயணைப்பு வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய் வந்த டக் கப்டிலை எந்த நெருப்பும் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பையில் காபி ஆறுவதற்குள், சமையலறை நாற்காலியிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். அந்த இருக்கையில் அடுத்து யார் உட்காரப்போகிறார்கள் என்ற நினைப்பே அவர் மனைவி வெர்னாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

உட்கார்ந்தவர் இசிட்ரோ பலனாய். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, ஊர்க்கோடியில் உள்ள சால்மன் ஆலையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவர். சம்பளமில்லாத தீயணைப்பு வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில், தானாக வந்து பெயர் கொடுத்தார். டக்கின் தலைக்கவசத்தை அவர் போட்டுக்கொண்டு போன முதல் நாள், வெர்னா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

அப்புறம் ஒரு பனிக்காலக் காலையில் கதவைத் திறந்தால், வாசல் பனியை யாரோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் ஒளிந்திருந்து பிடித்தாள்.

"யாரு உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல அக்கா. அவரோட இடத்துல உக்காந்திருக்கேன். அவர் வீட்டுப் பனிய யார் தள்றது?"

அன்றோடு வெர்னாவின் கோபம் கரைந்தது. இசிட்ரோவுக்கு அந்த ஊரில் ஓர் அக்கா கிடைத்தாள்.

வெர்னாவின் வேலை, எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில். மூன்று எம்.பி.க்கள் வந்து போய்விட்டார்கள். அவள் மேஜை மட்டும் நகரவில்லை. ஓய்வூதியம் வராத கிழவர், பாஸ்போர்ட் தொலைத்த மாணவி, வரி அலுவலகம் செத்துப்போனதாக அறிவித்துவிட்ட உயிருள்ள விவசாயி என்று எல்லோரும் அவள் எதிரில்தான் வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவள் ஒருவரையும் கேட்டதில்லை.

இப்போதைய எம்.பி. கார்டன் டெய்ட் நகரத்தில் வளர்ந்தவர். மனைவியின் ஊர் என்பதால் இங்கே போட்டியிட்டு, மயிரிழையில் ஜெயித்தவர். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

அந்த அக்டோபரில் இசிட்ரோ கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். வக்கீலிடம் காட்டிவிட்டு நேரே வந்தவர், உட்காரக்கூட இல்லை.

"அக்கா, என்னை நாட்ட விட்டுப் போகச் சொல்லிடுவாங்க போலிருக்கு."

நிரந்தரமாகத் தங்கும் உரிமையைப் புதுப்பிக்க அவர் மனுப் போட்டிருந்தார். அதற்கு, இங்கே இருக்கவேண்டிய நாட்களில் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்திருக்கிறீர்கள், உங்கள் உரிமையை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று தலைநகர் ஒட்டாவாவிலிருந்து கேட்டிருந்தார்கள். இரண்டு நாடுகளும் எல்லைப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பதிவுகள் அப்படித்தான் சொல்கின்றன என்றது கடிதம். இலோய்லோவில் அவர் மனைவி லூர்தெஸ் ஆறு வருடமாகக் காத்திருந்தாள். இவர் உரிமை போனால் அவளுக்கு விசா என்ற பேச்சே இல்லை.

"பால் அங்க மலிவுன்னு ஊரே பாலத்தத் தாண்டி அமெரிக்காவுக்குப் போகும். நான் அதுக்குக்கூட போனதில்ல" என்றார் இசிட்ரோ.

அவர் சார்பில் விசாரிக்க ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெர்னா எம்.பி.யின் அறைக்குள் நுழைந்தாள். கார்டன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெர்னா, இது பாதுகாப்பு விஷயம். ரெண்டு அரசாங்கத்தோட தகவல். நான் தலையிட்டேன்னு எதிர்க்கட்சிக்காரன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். அதோட அவர் குடிமகன்கூட இல்லையே. அவருக்கு ஓட்டே கிடையாது."

"டக்குக்கு இருந்துச்சு. எதிர்க்கட்சிக்குத்தான் போட்டார், கடைசிவரைக்கும். அதுக்காக நீங்க அவரோட சாவுக்கு வராம இருந்தீங்களா?"

கார்டன் கடிதத்தை மறுபடி கையிலெடுத்தார்.

"முடிவெடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்ல, எனக்குத் தெரியும். கேக்கறதுக்கு இருக்குல்ல? கேக்கறதுக்குத்தானே உங்கள அனுப்பினோம்?"

அந்த நேரத்தில் சைரன் ஊளையிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் ஒலியே செய்தி. விட்டுவிட்டு ஒலித்தால் தீ ஆற்றுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் கார்வெல்லில். இரண்டு ஊருக்கும் தீ ஒன்றுதான். இங்கே எரிந்தால் அவர்கள் வருவார்கள், அங்கே எரிந்தால் இவர்கள் போவார்கள். பாட்டன் காலத்து ஏற்பாடு அது.

வெளி அறையில் இசிட்ரோ எழுந்துவிட்டார். வெர்னா ஓடிவந்து கதவை மறித்தாள்.

"போகாதீங்க. இந்த நிலைமையில எல்லையத் தாண்டினா, திரும்ப உள்ள விடாமயே போயிடலாம்னு உங்க வக்கீல் சொன்னார்ல?"

"சொன்னார் அக்கா."

"அப்புறம் என்ன?"

"நான் போகலேன்னா டக் சாரோட இருக்கை காலியா போகும்."

வெர்னாவின் கை தானாக இறங்கியது. அவர் தெருவில் ஓடுவதைக் கண்ணீர் மறைத்தது.

பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் கார்டன். மேலங்கியைக்கூட எடுக்காமல் கார் சாவியை எடுத்தார். "ஏறு வெர்னா. அவர உள்ள விடலேன்னா நான் அங்க இருக்கணும்."

பாலத்தின் இந்த முனையில் இருவரும் நின்றார்கள். அக்கரையில் கரும்புகை எழுந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த மூன்று மாடி மரவீடு பற்றி எரிகிறதாம். குளிரில் நடுங்கிய எம்.பி.யின் தோளில் வெர்னா தன் சால்வையைப் போட்டாள். அவள் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் வண்டி திரும்பியது. அது பாலத்தின் நடுவை எட்டும்போதே இந்தப் பக்கத் தடுப்புக் கம்பம் உயர்ந்துவிட்டது. எல்லை அதிகாரி லீராய் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வண்டி நிற்காமல் கடந்தது. ஓட்டுநரின் பக்கத்தில், முகமெல்லாம் கரியாக, இசிட்ரோ. வெர்னா மூச்சு விட்டாள்.

கார்டன் மட்டும் கம்பத்தையே வெறித்துப் பார்த்தார்.

"லீராய், அந்த வண்டியில யார் யார் வந்தாங்கன்னு பதிஞ்சீங்களா?"

"தீயணைப்பு வண்டி சார்."

"அதத்தான் கேக்கறேன்."

"நம்ம பசங்க சார். நெருப்புல வெந்துட்டு வர்றவங்கள நிறுத்தி, பேர் என்ன ஊர் என்னன்னு கேட்டா என் பொண்டாட்டியே எனக்குச் சோறு போடமாட்டா. இந்தப் பாலத்துல அப்படி ஒரு வழக்கமே கிடையாது."

"அந்தப் பக்கம்?"

"அவங்க இப்ப கறார் சார். வண்டி கிளம்பறப்பவே ஆள் விவரமெல்லாம் போன்ல வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க. அது தானா நம்ம அரசாங்கத்துக்கும் வந்துடும்."

கார்டன் மெல்லத் திரும்பினார். "வெர்னா, அவர் போனதெல்லாம் பதிவாகியிருக்கு. வந்தது ஒண்ணுகூட பதிவாகல. ஒவ்வொரு தடவ சைரன் அடிச்சப்பவும் அவர் அமெரிக்காவுக்குப் போயிருக்கார். திரும்பவே இல்ல."

கல்யாணமான நாள் முதல் இந்தக் கம்பம் உயர்வதைப் பார்த்தவள் வெர்னா. தீயணைக்கப் போவதை அந்த ஊரில் யாரும் வெளிநாடு போவதாக நினைத்ததே இல்லை, இசிட்ரோவும் நினைக்கவில்லை. வண்டியில் மற்ற எல்லோரும் குடிமக்கள், அவர்கள் நாட்களை எவரும் எண்ணுவதில்லை. எண்ணப்பட்டவர் ஒருவர்தான்.

அன்று முதல் கார்டன் டெய்ட் வேறு மனிதர். அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன், "கணினிப் பதிவு தப்பாகாது சார்" என்று சொன்னபோது, "கணினி தப்பு செய்யலப்பா, பாதிக் கதைய சொல்லுது" என்றார். கட்சிக் கொறடா அடக்கி வாசிக்கச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கார்வெல் தீயணைப்புத் தலைவர் அந்த மரவீட்டிலிருந்து இசிட்ரோ தூக்கிவந்த இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்து, சாட்சி சொன்னார்.

ஒட்டாவாவில், நாடாளுமன்றத்தின் முழு அவை முன்னால், கார்டன் எழுந்தார். வெர்னாவும் இசிட்ரோவும் தீயணைப்பு நிலையத்தில் ஊரோடு சேர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தார்கள்.

"நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் தீயணைக்க ஓடியவரை, ஓடியதற்காகவே வெளியே தள்ளப்போகிறோமா? அவர் எனக்கு ஓட்டுப் போட்டவர் அல்ல. என் தொகுதியில் வாழ்பவர். எனக்கு அது போதும்."

எதிர்க்கட்சி வரிசையில்தான் முதலில் மேஜை தட்டும் சத்தம் கேட்டது.

பனி உருகுவதற்குள் நல்ல முடிவு வந்தது. உரிமை உறுதியானது. மே மாதம் லூர்தெஸ் விமானத்திலிருந்து இறங்கியபோது, பூங்கொத்தோடு நின்றவர்களில் எம்.பி.யும் இருந்தார். ஆனால் முதலில் அவளைக் கட்டிக்கொண்டது வெர்னா.

அந்தக் கோடையில் மறுபடி சைரன் விட்டுவிட்டு அலறியது. அக்கரைத் தீ அணைந்து வண்டி திரும்பியபோது, வெர்னா லூர்தெஸின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் முனையில் நின்றாள். கம்பம் வழக்கம்போல உயர்ந்தது. ஆனால் இந்த முறை வண்டி நின்றது. புது ஏற்பாடு. லீராய் கைக்கணினியோடு வந்து பெயர் பெயராகக் கூப்பிட்டார்.

"இசிட்ரோ பலனாய்."

"இருக்கேன் சார்."

"சத்தமா சொல்லுய்யா, ஒட்டாவா வரைக்கும் கேக்கணும்" என்றார் ஓட்டுநர்.

வண்டி முழுக்கச் சிரித்தது. இசிட்ரோ டக்கின் தலைக்கவசத்தைக் கழற்றி, கரி படிந்த முகத்தோடு மனைவியைப் பார்த்தார். தன் அக்காவைப் பார்த்தார். அப்புறம் ஆறே அதிரும்படி கத்தினார்.

"வந்துட்டேன்."

லீராய் விரலால் அழுத்திப் பதிந்துகொண்டார்.