என் பங்குக்கு வந்த இடி

ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரில் வெயில் சுள்ளென்று அடித்தால் "நல்ல வானிலை" என்று வாழ்த்துவார்கள். ஜவ்வாது மலையில் பிறந்த எனக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று நெடுநாள் விளங்கவில்லை.

முதியோர் இல்லத்தில் செவிலி வேலை. மாலையில் ஊர் இசைக்குழுவில் பெரிய முரசு. போன கோடையில், நான்கு பருவங்களையும் சொல்லும் சாஸ்திரிய இசை ஒன்றைப் பயின்றோம். வசந்தத்துக்குக் குழல், பனிக்கு வயலின், கோடைப் புயலின் இடி எனக்கு. குழுவை நடத்தும் ஹைகே, ஓய்வுபெற்ற ஆசிரியை, பாதியில் கையை உயர்த்தினார்.

"இது பயிரை அழிக்கிற புயல். உன் இடி கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறது. ஏன் சிரிக்கிறாய்?"

நான் என்ன செய்வேன்? எங்கள் மலையூரான நெல்லிவாசல்நாட்டில் கோடை இடி கேட்டால் அம்மா எங்களை முற்றத்துக்கு விரட்டுவாள். "போய் நனைங்க, வேர்க்குரு போவும்." அப்பா உழவுக்குக் கலப்பையை எடுத்து வைப்பார். இடிக்கு முகம் சுளிக்க எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சொல்லிப் பார்த்தேன். ஹைகே கேட்டுக்கொண்டார், ஆனாலும் பயம் வராவிட்டால் முரசை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் நோயாளிகளைத் தவிர என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அந்தக் குழுவினர்தான்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று பயந்து பழகினேன். அதற்குள் இங்கே மழை பொய்த்தது. சோளத்தின் இலை சுருண்டது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை வந்தது. கடைசி ஒத்திகையில் ஹைகே என் அருகே வந்து, "இந்த வருடம் உன் இடியே இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்வேன்.

கச்சேரி முடிந்ததும் விவசாயி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாகவே வரும்போல் இருந்தது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

மறுநாள் கச்சேரியின் பதிவைத் தொலைபேசியில் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன்.

"நம்மூரு இடி மாதிரியே கீதுக்கா. சாமை வெதச்சிட்டு வானத்தையே பாத்துக்கினு கீறோம். அந்த இடிய அங்க நிக்க வேணாம்னு சொல்லு, இங்க அனுப்பு."

அன்று விளக்கேற்றி மழை கேட்டேன். எந்த ஊருக்கு முதலில் என்று மட்டும் சொல்லவில்லை.