தெருவுக்கு ஒரு குழாய்

தெருவுக்கு ஒரே ஒரு குழாய் என்று உத்தரவு வந்தால், அதை எந்த வீட்டுக்கு எதிரில் நட்டாலும் மற்ற வீட்டுக்காரர்கள் நம்மோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். குடிநீர்ப் பிரிவில் குழாய்க்கு இடம் குறித்துக் கொடுத்து அவதிப்பட்ட சகோதரர்களுக்கு இது தெரியாததல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் நான் அந்த வேலையில் ஓவர்சியர்.

சரிபாதி

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு புதுத் தெரு. டேப் பிடித்து அளந்து, சரியாக நடுவில் குழாயை நட்டேன். யாரும் குறை சொல்ல முடியாது என்று திருப்தி.

மறுநாள் கடைசி வீட்டு முனுசாமி வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவளைக் குளிப்பாட்டித் துணி துவைக்க அவரே குடம் குடமாகச் சுமக்க வேண்டும். "நடுவில்தானே வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் பொது" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"மத்த ஊட்டுல ஆளுக்கு ரெண்டு காலு இருக்குது சார். எங்க ஊட்டுல ரெண்டு பேருக்கும் சேத்தே ரெண்டு காலுதான்."

குடிக்கவா, சாயத்துக்கா

அதன்பிறகு டேப்பை எடுக்கும் முன், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அதிலும் தப்பு வந்தது.

நெசவாளர் தெரு ஒன்றில் சாயப் பட்டறை வைத்திருந்த கரீம் பாய், குழாயைத் தன் பக்கம் கேட்டார். கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் பட்டில் சாயம் மங்கிவிடுகிறதாம். குடிக்கிற தண்ணீருக்குத்தான் முதலிடம் என்று சொல்லி, வீடுகள் நெருக்கமாக இருந்த மறுகோடியில் நட்டேன். பெண்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள்.

சில வாரம் கழித்து அதே பெண்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். குழாயைப் பட்டறைப் பக்கம் மாற்ற வேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் நின்ற சரோஜா விளக்கினாள்.

"பாய் எங்கிருந்தோ வண்டியில தண்ணி கொணாந்துக்கினு இருக்காரு. சாய நூலு வர லேட்டாவுது, எங்க தறி சும்மா நிக்குது. தறி நின்னா, இந்தத் தண்ணிய உலையில வெச்சு எதப் போட்டு வேக வெக்கறது சார்?"

மண்டிக்காரர் வாசல்

இன்னொரு தெருவின் கோடியில் சின்னப் பிரசவ விடுதி. மறுமுனையில் அரிசி மண்டிக்காரர் வீடு. அவர் மேலதிகாரிகளிடம் சொல்லி, குழாய் தன் வாசலுக்கே வரும்படி ஏற்பாடு செய்துவிட்டார். எனக்குச் சம்மதமில்லை, எதிர்த்துப் பேசத் தைரியமும் இல்லை. ஆட்களை விட்டுக் குழி வெட்டினேன்.

அவர் நாற்காலி போட்டுக் காபியோடு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி நர்ஸ் வாளியோடு ஓடி வந்தாள். உள்ளே பிரசவம் நடக்கிறது, தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றாள். மண்டிக்காரர் எழுந்து தன் கிணற்றைத் திறந்துவிட்டார். குழி வெட்டியவர்களும் நானும் மாறி மாறிச் சுமந்தோம். ஒருவழியாகக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் என்ன குழந்தை என்று விசாரித்தார். பிறகு ஆறிப்போன காபியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"இத்த மூடிட்டு அங்கியே கொண்டு போய் நடுய்யா. தெனம் அந்த நர்சுப் பொண்ணு இப்பிடி ஓடியாந்தா நான் எப்பிடிக் காபி குடிக்கறது?"

டேப்பும் கையுமாக அலைந்த அத்தனை வருஷத்தில், எல்லாருக்கும் பிடித்த இடத்தில் நான் நட்ட குழாய் ஒன்றுகூட இல்லை என்றாலும், குடம் வரிசை கட்டாமல் சும்மா நின்ற குழாயும் ஒன்றுகூட இல்லை.