கன்னத்தில் கை வைத்த உழவன்

லிதுவேனியாவில் ஆண்டவர் இல்லாத சாலைமுக்கு முன்பெல்லாம் கிடையாது. முள்முடியோடு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, போகிற வருகிறவர்களுக்காக வருந்துகிற மரத்து ஆண்டவர். எங்கள் முக்கில் இருந்தவரைச் செதுக்கியது அதோமாசின் அப்பா. சோவியத் ஆட்கள் அதை வெட்டிச் சாய்த்த வருஷம்தான் அதோமாசுக்கு இருமல் கண்டது.

சதுப்பில் இறங்கி, காயவைத்தால் விறகுபோல் எரியும் கரிமண் வெட்டுகிற வேலை அவருக்கு. இன்னொரு குளிர்காலம் நெஞ்சு தாங்காது என்றுவிட்டார் டாக்டர். கைவினைஞர் சங்கத்தில் சேர்ந்தால் கதகதப்பான பட்டறையில் உட்கார்ந்து செதுக்கலாம். அதற்கு ஒரு சிலை செய்து காட்ட வேண்டும்.

அவர் அதே ஆண்டவரைச் செய்தார். முள்முடிக்குப் பதில் வைக்கோல் தொப்பி. பெயர், 'இளைப்பாறும் உழவன்'.

மனைவி பர்போரா பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏங்க, தொப்பி வச்சா சங்கத்துக்காரங்களுக்கு ஆண்டவர்னு தெரியாதா?"

"அவங்க கோயிலுக்குப் போயி எத்தனை வருஷமாச்சு! மறந்திருப்பாங்க, போ."

சங்கத்துத் தலைவர் கிர்க்காலிஸ் வீட்டுக்கே வந்து சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வேலை சுத்தம், தோழர். ஆனா ஆளு ஏன் எழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கான்? நம்ம கூட்டுப்பண்ணை உழவனுக்கு என்ன கவலை?"

"முதுகு வலிங்க," என்றார் அதோமாஸ்.

"அந்தக் கைய எடுத்து முட்டியில வைங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பர்போரா புருஷன் முகத்தையே பார்த்தாள். சரி என்று சொல்லிவிட மாட்டாரா?

"ஒரே கட்டைங்க. கைய எடுத்தா கன்னமும் வந்துரும்."

"வேற கட்டையில செய்ங்க."

"எந்தக் கட்டையிலயும் எனக்கு இதுதாங்க வரும்."

கிர்க்காலிஸ் ஒரு சீட்டு எழுதி, முத்திரை குத்தி, சிலையின் அடியில் ஒட்டினார்: 'இளைப்பாறும் உழவன். ஏற்கப்படவில்லை.'

அவர் போனதும் பர்போரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைப் போட்டுவிட்டாள். "ஒரு கைதானேங்க. ஆண்டவர் கோவிச்சுக்கிட்டிருப்பாரா?"

"கோவிச்சுக்க மாட்டாரு. அதனாலதான் எனக்கு முடியல."

அதோமாஸ் மறுபடி சதுப்பில் இறங்கினார். தைமாதக் குளிரில் ரத்தமாக இருமினார். உயிர்ப்புத் திருநாளைப் பார்க்க அவர் இல்லை.

பர்போரா சிலையைக் கல்லறைமேல் வைத்தாள். இரண்டாம் நாளே கிராம சபைக்காரன் கோடாலியோடு வந்தான். "சாமி செலை வைக்கக் கூடாதுன்னு தெரியாதாக்கா?"

அவள் சிலையைச் சாய்த்து அடியைக் காட்டினாள். "சாமின்னு யார் சொன்னா? உழவன்யா. உங்க முத்திரைதான், படி."

அவன் இரண்டு தடவை படித்தான். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. தொப்பியில் இருந்த பனியைத் துடைத்தாள், முழங்காலைத் துடைத்தாள். அந்தக் கையை மட்டும் தொடவில்லை. சாகிறவரைக்கும் அதன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஞாயிறு தவறாமல் அதன் முன்னால்தான் முழந்தாளிட்டாள்.