வாசல் வெளிச்சத்தில் பார்த்த படம்

போன வருடம் முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்ட சமயம். எனக்கு தி.நகரில் புடவைக் கடை, வீடு அசோக் நகரில். வீட்டில் நானும் மூன்றாம் வகுப்பு முடித்த என் மகளும்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த என் மனைவி வீடு திரும்பாமலே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மகளோடு படிக்கும் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. மயிலாப்பூர்க்காரர்கள். வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாயாஜாலப் படத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பறக்கும் பாம்பு, பேசும் மலை, அரக்கர் படை என்று ஊரே வாய் பிளந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான படம். உடனே பெற்றோர் வாட்ஸ்அப் குழு ரெண்டுபட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு இது ஆகுமா என்று ஒரு அம்மா கேட்க, இன்னொருவர் சென்சார் சான்றிதழைப் படம் பிடித்துப் போட, எல்லாம் கிராபிக்ஸ்தானே என்று ஒரு அப்பா சிரிக்க, ஒரே களேபரம்.

நான் மட்டும் வாயே திறக்கவில்லை. அரக்கனும் ரத்தமும் எனக்குக் கவலையே இல்லை. படத்தில் ஒரு அம்மா செத்துப்போகிறாள் என்று கடையில் வேலை பார்க்கும் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அதைப் போய்க் குழுவில் எழுதினால் கண்ணீர் விடும் பொம்மைகளாக வந்து குவியும். எனக்கு அது ஆகவே ஆகாது. என் மகள் இந்த இரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேச்சை எடுத்ததில்லை. ஏதோ ஆறிக்கொண்டு வருகிறது, இந்தப் படம் அதைக் கீறிவிடுமோ என்று பயந்தேன். அவளோ கவுனைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பையனின் அம்மா கடைக்கு வந்தார். அதற்குமுன் நின்று பேசிய பழக்கம்கூட இல்லை. புடவைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து என்ன ரகம் காட்டட்டும் என்று கேட்டேன். நெற்றி முழுக்கத் தைலம் பூசியிருந்தார். காலைக் காட்சிக்குத் தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரே வருகிறாராம். அவருக்குச் சினிமாவும் பிடிக்காது, சத்தமும் ஒத்துக்கொள்ளாது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார். ஊரார் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவள், தான் பார்க்காமல் எப்படி என்றார். பாம்பென்றால் அலறும் பிள்ளை, இடிச்சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளை என்று அந்தந்த வீட்டுக்கு ஆட்டோவிலிருந்தே போன் போட்டுப் பேசியிருக்கிறார். என்னிடம் மட்டும் போனில் சொல்ல மனசு வரவில்லையாம். இப்படியும் ஒரு மனுஷியா என்று மலைத்துப்போனேன்.

விஷயத்தை மெதுவாகத்தான் சொன்னார். படத்தில் வரும் ராணி, எதிரிகளைத் தடுக்கக் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்கிறாள். அவளுடைய சின்ன மகள் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறாள், கதவு திறப்பதே இல்லை. கேட்டதும் எனக்கு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை அறைக் கதவு கண்முன்னே வந்து நின்றது. வேண்டாம்மா, நான் அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் நிறம் பார்க்கணும் என்றதால், எங்கள் விற்பனைப் பெண் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக் காட்டினாள். தி.நகரில் எல்லாப் புடவைக் கடையிலும் உள்ள வழக்கம்தான். கடை விளக்கை நம்பி எடுத்துப்போனால் வீட்டில் வேறு நிறமாக நிற்கும். அந்தப் பையனின் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"வாங்கறவாளுக்கு முன்னாடியே வெளிச்சத்துல காட்டிடறேள் இல்லையா சார்? குழந்தைக்கும் அப்படிக் காட்டிடுங்கோ. என்ன வரப்போறதுன்னு சொல்லுங்கோ. வரணுமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். ஆனாலும் சனிக்கிழமை முழுக்க மகளிடம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். கடைசியில் கிண்டி சிக்னலில் வண்டி நின்றபோதுதான், அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், ராணியையும் கதவையும் பற்றிச் சொல்லி முடித்தேன். வேண்டாமென்றால் அப்படியே திரும்பிவிடலாம் என்றும் சொன்னேன்.

பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். அப்புறம் கேட்டாள், "அந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்காங்களா?"

தெரியலையே என்றேன். "அப்ப போய்ப் பாத்துக்கலாம்," என்றாள்.

தியேட்டரில் நானும் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா தன் பையனை வேறு வரிசையில் உட்காரவைத்துவிட்டு, என் மகளுக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். பறக்கும் பாம்புக்குப் பிள்ளைகள் எல்லாம் விசிலடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, என்னமாய் எடுத்திருந்தார்கள்! பிறகு அந்தக் கதவு வந்தது. அந்தச் சிறுமி தட்ட ஆரம்பித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. என் கைமேல் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

"அப்பா, கதவு சீன் முடிஞ்சிருச்சு. கண்ணத் தொறங்க."

மறுபக்கம் பார்த்தால், காதில் பஞ்சோடு அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பார்த்த படம்தான், அதற்கும் அழுகை.

திரும்பி வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு, "அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லப்பா," என்றாள் மகள். கொஞ்சதூரம் போனதும், "அம்மா உள்ள போறப்ப என்கிட்ட சொல்லச்சொல்லி ஏதாச்சும் சொன்னாங்களா? கேட்டா நீங்க அழுவீங்கன்னு கேக்கல," என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பிள்ளைக்குத் தலை பின்னும்போது சிக்கை வெடுக்கென்று இழுக்காமல் எடுங்கள் என்று அவள் அம்மா சொன்னதைச் சொன்னேன். "நீங்க இழுக்கறீங்க," என்றாள் உடனே. அந்த நடைபாதையோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

இப்போதும் கடையில் யாராவது புடவையை வாசலுக்கு எடுத்துப்போனால் அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அவர் அந்தப் படத்தை முதலில் பார்த்திராவிட்டால், என்னை அழவைக்கக்கூடாது என்று என் மகள் மூடிவைத்திருந்த அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.