சுடலை இறங்கிய இணைப்புப் பாட்டு

பூதப்பாண்டி வள்ளிநாயகம் வில்லுப்பாட்டுக்கு வில்லடித்தால் சுடலைமாடன் தவறாமல் வருவார். மனுஷர்தான் பாதியில் எழுந்து சுக்குக்காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். தான் சொந்தமாகக் கட்டிய வரியை ஒரு நாளாவது சனம் திருப்பிப் பாடாதா என்பது அவருக்குத் தீராத ஏக்கம்.

ஐம்பத்துநாலில், நாஞ்சில் நாட்டை மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் கூட்டம். வடசேரிக் கூட்டத்தை நடத்திய கைலாசநாதன் இவரிடம் பாட்டுக் கேட்டார்.

"சனம் கூடப் பாடணும் ஓய்."

நாலு வரி கட்டினார். மெட்டுக்கு எங்கே போவது? கோயில் கொடைவிழாவில் சாமியை அழைக்கிற மெட்டையே எடுத்துப் போட்டார்.

"அந்த மெட்டுக்குச் சாமியில்லா வரும். சர்க்கார் வருமா?" என்றாள் மனைவி அழகியநாயகி.

"வரும்ட்டி, பாரு."

கூட்டம் நடந்த வடசேரிச் சந்தையில் வில்மணி குலுங்கியதும், வாழைக்குலை வாங்க வந்திருந்த பகவதியப்பனுக்குக் கால் நடுங்கியது. சுடலை கோயிலில் சாமியாடுகிறவர் அவர். தோளில் குலையோடு மேடைக்கு முன்னால் வந்து ஆடத் தொடங்கினார்.

"பாட்டை நிறுத்தும் ஓய்" என்றார் கைலாசநாதன்.

"சாமி நிக்கயில வில்லு ஓயப்பிடாது. வேணும்னா நீரு சாமியை நிறுத்தும்."

அதுதான் முறை. சாமி மலையேறும்வரை பாட வேண்டும். கையில் இருந்ததோ நாலே வரி. "சர்க்கார் கச்சேரியில் தமிழ் வேணும், தமிழரோடு சேர வேணும்" என்று திரும்பத் திரும்பப் பாடினார். கத்திரிக்காய் விற்றவள் வாயிலும் வரி ஏறிவிட்டது. சந்தையே பாடிற்று. வள்ளிநாயகத்துக்குக் கண் நிறைந்துபோயிற்று.

பகவதியப்பன் ஓய்ந்து உட்கார்ந்ததும், தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார் கைலாசநாதன். சனம் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டது. ஒருத்தி திருநீறு கேட்டாள்.

"இதை எப்படி ஓய் எண்ணுகது?"

"பாதியா வகுத்துக்கிடும்."

அன்று வீட்டில் சோறு போடும்போது அழகியநாயகி சிரித்தாள். "வரி மனப்பாடம். எதுக்குப் பாடினோம்னுதான் ஒருத்தருக்கும் தெரியல்ல."

"பாடினாவல்லா?" என்றார் அவர். மோர் கேட்டு வாங்கி இன்னொரு பிடி சாப்பிட்டார்.

ஐம்பத்தாறில் நாடு சேர்ந்தது. பாட்டினாலா என்று கேட்க வேண்டாம், பாட்டில்லாமலும் இல்லை. வெற்றிக் கூட்டத்துக்கு மெட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார் கைலாசநாதன். மாற்றினார். சனம் மரியாதையாகக் கேட்டுக் கை தட்டியது. ஒரு வாயும் திறக்கவில்லை. வள்ளிநாயகத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

"பழைய மெட்டுல பாடும் ஓய்" என்று ஒரு குரல்.

கைலாசநாதன் அவசரமாகப் பகவதியப்பனைத் தேடினார். முன்வரிசையில் அவர் ஏற்கெனவே துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வள்ளிநாயகம் வில்லடிக்கிற வீசுகோலைக் கையிலெடுத்தார்.